மகாராணி படுக்காத இரவு

பொய்யைச் சொல்லி முடித்துவிட்டாள் சின்னு.

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த அம்மாள் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. மெதுவா."

"அதான் சொன்னேனே ஆன்ட்டி. நேத்து விடியற்காலைல பரீட்சைக்குப் படிக்க எழுந்தேன். ஜன்னல் வழியா பார்த்தேன். வண்டி படுத்துதான் கிடந்துச்சு. ராத்திரி யாராவது ஓட்டியிருந்தா நிமிர்ந்து நின்னிருக்கும். அப்போ எங்க அண்ணன் எடுக்கலைன்னுதானே அர்த்தம்?"

"ஒரு நிமிஷம்," என்றான் கதவில் சாய்ந்திருந்த ஆள். "வண்டி படுக்குமா? உங்கப்பா வாங்கினது காரா, எருமையா?"

"டிங்கர், வாயை மூடு."

"மூடிட்டேன் மேடம். எருமைக்குப் பதில் வந்ததும் திறக்கறேன்."

அந்த அம்மாளை எல்லோரும் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இடிபட்டு நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, சொந்தக்காரன் சொல்வதில் எது நிஜம், எது சரடு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவருடைய பழைய உத்தியோகம். அதை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்த பிறகும் பட்டம் மட்டும் கழன்று விழவில்லை. கூட வந்தவன் ஒரு காலத்தில் ஒடுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்தியவன். இப்போது அவருக்கு டிரைவர், உதவியாள், தேவைப்படாத நேரத்திலும் வாய்.

இருவரையும் போன் செய்து வரவழைத்தது சின்னுதான். அதை நினைத்தால் இப்போது தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

நடந்தது இதுதான். நேற்று விடியும் முன், ஊர்க்கோடியில் இருக்கும் துணிக் கிடங்கின் வாட்ச்மேனை ஒரு பெரிய கறுப்பு கார் இடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. மனிதர் இன்னும் கண் திறக்கவில்லை. இடம் முழுக்கத் தேடிய போலீஸுக்குக் கிடைத்தது பக்கக் கண்ணாடியின் மேல்மூடி ஒன்று. அந்த மூடி சின்னு வீட்டு வாசலில் நின்ற காருக்கு, பாட்டிலுக்குத் தக்கையைப் போலப் பொருந்தியது. மத்தியானத்துக்குள் காரையும் அண்ணனையும் கொண்டுபோய்விட்டார்கள். பொழுது சாய்ந்தால் அப்பாவுக்குக் கண் மங்கும். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டியிருந்தால் சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிடுவார்; மற்ற நேரம் அது கூடத்து ஆணியில் தொங்கும். இது தெருவுக்கே தெரியும். திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் அப்பா துணி எடுப்பதும் அதே கிடங்கில்தான். போன வாரம் மூட்டை ஏற்றும்போது அண்ணனுக்கும் அந்த வாட்ச்மேனுக்கும் வாய்த்தகராறு. இதற்கு மேல் போலீஸுக்கு என்ன வேண்டும்?

அதுகூடப் பரவாயில்லை. சாலையில் பிரேக் போட்ட தடமே இல்லையாம். 'தடம் இல்லை என்றால் வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறான்' என்று கொலை முயற்சி வழக்காக எழுதிவிட்டார்கள். அம்மா ஸ்டேஷன் வாசலை விட்டு நகரவில்லை. அப்பா வக்கீல் ஆபீஸுக்கும் ஸ்டேஷனுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

"படுக்கற கதையைச் சொல்லு," என்றார் சர்வேயர்.

சின்னு சொன்னாள். அந்தக் காருக்கு வீட்டில் மகாராணி என்று பெயர். புதிதாக வாங்க ஏழு தலைமுறை சம்பாதிக்க வேண்டும். பதினாலு வயதுக் கிழவியாக ஆன பிறகு, சின்ன கார் விலைக்குக் கிடைத்தாள். சக்கரத்துக்கு மேல் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள். இடது முன்பக்கப் பையில் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. ஓட்டி வந்து நிறுத்தினால் கொஞ்ச நேரம் கம்பீரமாக நிற்பாள். காற்று மெல்ல மெல்ல இறங்கும். மூணு மணி நேரத்தில் முன்னங்காலை மடக்கி, மூக்கைத் தரையில் வைத்துப் படுத்துவிடுவாள். மறுபடி இன்ஜினைப் போட்டால் உள்ளே ஒரு மோட்டார் உறுமிக் காற்றை ஏற்றும், எழுந்து நிற்பாள்.

"தெருவுல பசங்க நொண்டி யானைன்னு கிண்டல் பண்ணுவாங்க. அப்பாவுக்கு மானம் போயிடும். அதனால தெரு முழிக்கறதுக்கு முன்னாடி போய் இன்ஜினைப் போட்டு எழுப்பி விட்டுடுவாரு."

"தினமுமா?"

"தினமும். காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டுகூடப் போயிருக்காரு."

"பெத்த பிள்ளைய ஸ்கூலுக்கு எழுப்பறவங்களை பார்த்திருக்கேன்," என்றான் டிங்கர். "காரை எழுப்பறவரை இப்பத்தான் கேள்விப்படறேன்."

சர்வேயர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "அந்த வண்டியைப் பார்க்கற மெக்கானிக் யாரு? படுக்க எவ்வளவு நேரமாகும்னு அவன் வாயால சொல்லட்டும். நீயும் வாம்மா."

"நானா? நான் எதுக்கு ஆன்ட்டி?"

"சாட்சி நீதானே?"

சின்னு செருப்பை மாட்டினாள். இடது கால் செருப்பு வலது காலில் ஏறியது.

ஏனென்றால் நேற்று விடியற்காலையில் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தது வேறு. மகாராணி படுத்திருக்கவில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில், மூக்கு நிமிர்ந்து, இப்போதுதான் ஊர்வலம் முடிந்து வந்தவளைப் போல நின்றிருந்தாள். ராத்திரி அண்ணன் திருட்டுத்தனமாக எங்கேயோ எடுத்துப் போயிருக்கிறான் என்று அப்போது நினைத்தாள். அப்பா பார்த்தால் தொலைந்தான் என்று பதறிக் கூடத்துக்கு ஓடினாள். நல்லவேளை, அப்பா வெளியே போயிருக்கவில்லை. இருட்டிலேயே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். 'அண்ணன் பிழைத்தான்' என்று நிம்மதியாக மூச்சு விட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

மத்தியானம் போலீஸ் வந்தபோதுதான் அந்த நிம்மதி போனது. அண்ணன் 'நான் எடுக்கலை' என்கிறான். கார் நின்றதைப் பார்த்த ஒரே ஆள் அவள். நிஜத்தைச் சொன்னால், கூடப் பிறந்தவன் கழுத்துக்குக் கயிறு திரிப்பது அவள் கைதான்.

போகும் வழியெல்லாம் டிங்கர் பேசிக்கொண்டே ஓட்டினான். அவர்களுடைய கார் சின்னது; பின் சீட்டில் முழங்கால் முகவாயை இடித்தது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க? யானையை மலிவா வாங்கிடலாம் மேடம், தீனி போடறவனைக் கேளுங்க. அந்த மகாராணிக்கு ஒரு சைடு மிரர் மாத்தற காசுல எனக்கு மூஞ்சியையே மாத்திடலாம்."

"அதுக்கு அவ்வளவு செலவு பண்ணணுமாடா?" என்றார் சர்வேயர்.

சின்னு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெக்கானிக்கின் பட்டறை தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வரிசையாகப் பழைய பெரிய கார்கள், பானெட்டைத் திறந்துகொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர்களைப் போல நின்றன. தரையில் எண்ணெய்க் கறை. சுவரில் தொங்கிய பெல்ட்டுகள். மூலையில் கம்ப்யூட்டர் வைத்த தள்ளுவண்டி. மெக்கானிக்குக் கேஸ்கெட் என்று பட்டப்பெயர். எந்த வண்டி வந்தாலும் முதலில் 'கேஸ்கெட் போயிருக்கு' என்பாராம்.

சின்னுவைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"மகாராணியா? நல்ல வண்டி மேடம். இந்த மாதிரி வண்டி வாங்கறது கல்யாணம் மாதிரி, ஒரு நாள் செலவு. வெச்சுக்கறதுதான் குடித்தனம். மேல் மூடி கேஸ்கெட் போயி ஆயில் கசியும். தண்ணி டேங்க் பிளாஸ்டிக்கு, வயசானா முட்டை ஓடு மாதிரி விரியும். அதைக் கவனிக்காம ஓட்டினா இன்ஜினே வெந்துடும். கியர் பாக்ஸ் பேச்சே எடுக்காதீங்க. வெறும் பேட்டரி மாத்தினாக்கூட கம்ப்யூட்டர்ல சொல்லணும், வீட்டுக்குப் புது மருமக வந்தா மாமியாருக்கு அறிமுகப்படுத்தற மாதிரி. இல்லேன்னா ஏத்துக்காது."

"மாமியார்தான் மேடம் எல்லா வீட்டுலயும் கம்ப்யூட்டர்," என்றான் டிங்கர்.

"நான் கேட்க வந்தது அந்தக் காத்துப் பை," என்றார் சர்வேயர். "நிறுத்தி எவ்வளவு நேரத்துல படுக்கும்?"

மெக்கானிக் ஸ்பேனரைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் துடைத்தார். "அது… வெயில் காலம், குளிர் காலம்னு மாறும் மேடம். குளிர்ல ரப்பர் சுருங்கும், சீக்கிரம் இறங்கும்…"

"நான் காலண்டர் கேட்கலை."

"எங்க அப்பாகூட மூணு மணி நேரம்னுதான் சொல்வாரு," என்றாள் சின்னு அவசரமாக. குரல் அவளுக்கே கீச்சென்று கேட்டது. "அதைச் சொல்லிட்டா போதும் ஆன்ட்டி, வாங்க போலாம்."

சர்வேயர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இன்னிக்குக் காலைல இவங்க வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, ஸ்டேஷன் காம்பவுண்டுக்குப் போயிட்டுத்தான் வந்தேன். மகாராணியைப் பார்த்தேன். நேத்து மத்தியானம் கொண்டுவந்து நிறுத்தி சாவியை வாங்கி பீரோல பூட்டிட்டாங்க. அப்புறம் யாரும் தொடல. ராத்திரி முழுக்க அங்கேயே இருக்கு. ஆனா மூக்கு நிமிர்ந்து நிக்குது."

கொட்டகையில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் நின்றது.

"வீட்டுல தினமும் படுக்கறவ, ஸ்டேஷன்ல மட்டும் நிக்கறாளா?" என்றான் டிங்கர். "போலீஸைப் பார்த்து மரியாதைக்கு எழுந்துட்டாளோ?"

"சொல்லுங்க," என்றார் சர்வேயர் மெக்கானிக்கிடம். "அந்த வண்டிக்கு என்ன பண்ணீங்க?"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். சின்னுவைப் பார்த்து, "மன்னிச்சுடு பாப்பா. உங்க அண்ணன்கிட்ட வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன்," என்றார்.

"அண்ணன் இங்க வந்தானா?" என்றாள் சின்னு.

"முந்தாநாள் சாயங்காலம் தம்பி வண்டியைக் கொண்டுவந்தாரு மேடம். இடது பக்கம் புது ஏர் ஸ்பிரிங், அதான் அந்தக் காத்துப் பை, போடச் சொன்னாரு. விலையைக் கேட்டா கிறுகிறுன்னு வரும்பா, அப்பாகிட்ட கேட்டுக்கோன்னேன். அப்பாவுக்குத் தெரியவே கூடாதுன்னுட்டாரு. தன் பைக்கை வித்துட்டு வந்திருந்தாரு."

"பைக் சர்வீஸுக்குப் போயிருக்குன்னானே!" என்றாள் சின்னு.

"ஒரு பக்கத்து ஸ்பிரிங்குக்கு ஒரு பைக்கு. அவ்வளவுதான் கணக்கு. 'எங்கப்பா தினமும் விடியறதுக்குள்ள கள்ளனாட்டம் எழுந்துபோய் இதை எழுப்பறாரு. நாளைக்குக் காலைல அவர் கதவைத் திறக்கும்போது இது அதுவா நிக்கணும். அவர் மூஞ்சியைப் பார்க்கணும்'னாரு. போட்டுக் கொடுத்தேன். இப்ப அது ஒரு வாரம் நிறுத்தினாலும் படுக்காது."

சின்னுவுக்குள் எதுவோ உடைந்து, உடைந்த இடத்திலிருந்து சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது.

"அதனாலதான் நின்னுச்சா!" என்று கத்தினாள். "நேத்துக் காலைல அதனாலதான் நின்னுச்சா! அண்ணன் ஓட்டிட்டு வந்ததால இல்ல! ஆன்ட்டி, ஸ்பிரிங் மாத்தினதாலதான் ஆன்ட்டி நின்னுட்டு இருந்துச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. டிங்கர் மெல்ல விசிலடித்தான்.

"படுத்துக் கிடந்த வண்டி இவ்வளவு சீக்கிரம் எழுந்து நான் பார்த்ததில்ல."

"பொய்தான் சொன்னேன் ஆன்ட்டி," என்றாள் சின்னு, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நிக்கறதைப் பார்த்தேன்னு சொன்னா அண்ணன் மாட்டிப்பான்னு பயந்துட்டேன். இப்ப நின்னதுக்கு அர்த்தமே இல்லல்ல? அவன் தூங்கிட்டுத்தான் இருந்திருக்கான். விட்டுடுவாங்கல்ல?"

சர்வேயர் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். முதல் தடவையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இருந்த மென்மை சின்னுவுக்கு என்னவோ பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நல்ல சேதி சொல்கிறவர்கள் அப்படிப் பிடிப்பதில்லை.

"நீ பொய் சொல்றேன்னு வீட்டுலயே தெரியும்மா. எதை மறைக்கறேன்னுதான் தெரியல. இப்பத் தெரிஞ்சுடுச்சு." மெக்கானிக்கிடம் திரும்பினார். "ஸ்பிரிங் மாத்தினது வேற யாருக்குத் தெரியும்?"

"என்னையும் தம்பியையும் தவிர ஈ காக்காய்க்குத் தெரியாது."

"அவங்க அப்பாவுக்கு?"

"எப்படித் தெரியும்? அன்னிக்கு ராத்திரி கடை சாத்தற நேரத்துல அவரே போன் பண்ணாரு. 'அந்த முன்பக்க ஸ்பிரிங் கடைசியா என்ன விலைக்கு முடியும்? தவணைல கொடுக்கலாமா?'ன்னு கேட்டாரு. நாக்கைக் கடிச்சுக்கிட்டு, 'பார்க்கலாம் சார், காலைல பேசலாம்'னேன். தம்பி ஏற்கெனவே வண்டியை வீட்டுல விட்டுட்டுப் போய்ப் படுத்திருப்பாரு."

"ஆக, படுக்கைக்குப் போகும்போது அவங்க அப்பாவைப் பொறுத்தவரைக்கும் அது படுக்கற வண்டிதான்."

"ஆமா மேடம்."

டிங்கரின் முகத்திலிருந்து விளையாட்டு வடிந்துவிட்டது. சின்னு அதைக் கவனித்தாள். இவ்வளவு நேரம் மூடாத வாய் எதற்காக இப்போது மூடிக்கொண்டது?

"என்ன ஆன்ட்டி?"

"அந்த மூடி உங்க வண்டியோடதுதான். அதுல சந்தேகமே இல்ல. நேத்து விடியறதுக்குள்ள யாரோ ஒருத்தர் உங்க வீட்டு ஆணியில மாட்டியிருந்த சாவியை எடுத்து ஓட்டியிருக்காங்க. திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை அதே ஆணியில மாட்டியிருக்காங்க. வெளியாள் இல்ல." சர்வேயர் ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டு வைத்தார். "பிரேக் தடம் இல்லைன்னதும், வேணும்னே ஏத்தினான்னு போலீஸ் முடிவு பண்ணிடுச்சு. நான் எத்தனையோ விபத்து பார்த்திருக்கேன். வேணும்னு இடிக்கறவன் பிரேக் போட மாட்டான். சரிதான். இன்னொருத்தனும் போட மாட்டான்."

"யாரு?"

"எதிர்ல ஆள் நிக்கறதே கண்ணுக்குத் தெரியாதவன்."

சின்னு அவர் கையிலிருந்து தன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

பொழுது சாய்ந்தால் கடைப் பலகையின் எழுத்தையே தடவிப் பார்ப்பவரைப் போலப் பார்க்கும் இரண்டு கண்கள் நினைவுக்கு வந்தன. அவை வேண்டாம் என்று தலையை உதறினாள். உடனே கூடம் நினைவுக்கு வந்தது. விளக்குப் போடாத கூடம். தையல் மிஷின். அதன் ஊசிக்கு அடியில் துணி இல்லை. அதன் சக்கரத்தின் மேல் ஒரு கை சும்மா இருந்தது. 'என்னப்பா, தூக்கம் வரலையா?' என்று கேட்டதற்குத் திரும்பாமலே தலையை மட்டும் அசைத்தார். வெளியே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. தெருவில் முதல் கதவு திறக்கும் சத்தம்கூடக் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

நல்லவேளை என்று நினைத்தாளே. நல்லவேளை என்று!

"அந்த வாட்ச்மேன் பொண்ணு உன் வயசுதான்," என்றான் டிங்கர், தரையைப் பார்த்தபடி. "காலைல ஆஸ்பத்திரி வாசல்ல பார்த்தேன். அவளும் உன்ன மாதிரிதான் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு நின்னா."

சின்னு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"உங்க அண்ணனுக்கு எதிரா இருக்கறது கொலை முயற்சி," என்றார் சர்வேயர். "கண்ணு தெரியாம நடந்த விபத்துன்னா அது வேற வழக்கு. வேற தண்டனை. எதுக்கு அந்த நேரத்துல அங்க போகணும், ஏன் நிக்காம வரணும், அதெல்லாம் போனவங்கதான் சொல்லணும். எனக்கு உன்கிட்ட தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நேத்து விடியற நேரத்துல நீ முழிச்சிருந்தே. உன்னைத் தவிர இதுக்கு சாட்சி கிடையாது."

பட்டறை வாசலில் சத்தம் கேட்டது. யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் நகரவில்லை. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே கம்பிக்குப் பின்னால், பைக்கை விற்று அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க ஆசைப்பட்டவன். இங்கே வக்கீல் ஆபீஸ் வாசலில், அந்தப் பிள்ளைக்காகவே கால் தேய அலைந்துகொண்டிருப்பவர். நடுவில் அவள் நாக்கு ஒன்றுதான்.

"காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டுகூடப் போவாருன்னு நீதான்மா சொன்னே," என்றார் சர்வேயர். அவர் குரல் இப்போது கெஞ்சுவதைப் போலவே இருந்தது. "வண்டி படுத்திருக்கும்னுதான் அவருக்குத் தெரியும். விடிஞ்சா தெரு பார்க்கும். எழுப்பப் போகலைன்னா, அது நிக்குதுன்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். நேத்துக் காலைல உங்க அப்பா வண்டியை எழுப்பப் போனாரா, இல்லையா?"